களத்துமேட்டில் பிரித்த சுதந்திரம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் ஒரு கேள்வி போட்டான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சூப்பர்வைசராக இருக்கிறான். "டீச்சர், 2025 ஜனவரியோடு நம்ம பஞ்சாயத்துத் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தாங்க. தெருவிளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது. தலைவர் இல்லாததால் என்ன குறைந்துபோச்சு?" நாலைந்து பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். பதில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தொடங்குகிறது. பயப்படாதீர்கள், தேர்வு கிடையாது.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். "குடவோலை முறை" என்று கோடிட்ட இடத்தை நிரப்பி ஒரு மதிப்பெண் வாங்கியதோடு மறந்திருப்பீர்கள். நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர் அது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படி அமைந்த வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று. அதில் 6 பேர். பதவி 360 நாள்.

பாடப்புத்தகத்தில் நாம் வேகமாகக் கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. யார் நிற்கக் கூடாது என்கிற பட்டியல். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் நிற்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது. ஊருக்கு அதிகாரம் என்றால் ஊருக்குக் கணக்கு என்பதை அன்றைக்கே கல்லில் வெட்டி வைத்தார்கள்.

முழுப் பெருமையையும் பேசிவிட்டு மீதியை மறைப்பது ஆசிரியருக்கு அழகல்ல. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். அந்த ஏரித் தண்ணீரில் இறங்கி நாற்று நட்ட பெண்ணின் பெயரோ, ஏரிக் கரைக்கு மண் சுமந்தவர் பெயரோ குடத்துக்குள் போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நம் பொன்னேரிப் பக்கமும் அதற்குள் அடக்கம். என்ன கிடைத்திருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டாமா? தாமஸ் பர்னார்டு என்கிற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். ஏறக்குறைய 2,000 ஊர்கள். ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகளில் பல இன்று தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தரம்பால் என்ற காந்தியவாதி இந்தக் கணக்குகளைத் தேடி எடுத்துப் பேசிய பிறகுதான் உலகத்துக்கு இவை தெரிய வந்தன.

அந்தக் கணக்குகளில் தெரிவது இதுதான். அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் குவிந்ததும், அரசனுக்கு இவ்வளவு, உழவனுக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்கு முன்னாலேயே சில பங்குகளை எடுத்து வைத்துவிடுவார்கள். கணக்கப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, குயவருக்கு, கோயிலுக்கு. அந்த வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. மதகு பழுதானாலும் கரை உடைந்தாலும் அந்தப் பங்கிலிருந்து செலவு. யாரிடமும் மனு எழுதிப் போட வேண்டியதில்லை.

இந்தப் பங்குகளுக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர் என்ன தெரியுமா? "சுதந்திரம்." கம்பெனி ஆவணங்களிலும் அதே சொல்தான் இருக்கிறது. உரிமையாக வர வேண்டிய பங்கு என்று பொருள். கொடி ஏற்றி மிட்டாய் கொடுக்கும் சுதந்திரத்துக்கு முன்னால், சுதந்திரம் என்பது களத்துமேட்டில் மரக்காலால் அளந்த நெல். நான் சொல்ல வந்தது இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது: பங்கு எங்கே பிரிகிறதோ அங்கேதான் அதிகாரம் இருக்கும். களத்தில் பிரிந்தால் ஊரிடம். கோட்டைக்குப் போய்ப் பிரிந்தால் கோட்டையிடம்.

கம்பெனி அதைத்தான் மாற்றியது. நில வரியை உயர்த்தி, ஊர்ப் பங்குகள் பலவற்றையும் அரசு வருவாயோடு சேர்த்துக்கொண்டது. பிறகு தாமஸ் மன்றோ பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ரயத்துவாரி முறை பரவியது. ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாக அரசுக்கு வரி கட்டுகிறார். நடுவில் ஊர் என்று ஒன்று இல்லை. ஏரிக்குப் பங்கு இல்லை என்றால் ஏரி தூர்ந்துபோகும். தூர்ந்தது. அதற்குக் கம்பெனி கண்ட வழி 1858-ஆம் ஆண்டுச் சட்டம். குடிமராமத்துக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. பங்கை எடுத்துக்கொண்டு பாரத்தை மட்டும் ஊரிடம் விட்டார்கள். இந்த ஏற்பாடு வெள்ளைக்காரரோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, ஊர் கையில் விட்டிருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்குமா? இதே செங்கல்பட்டு மாவட்டம்தான் அதற்கும் சாட்சி. 1891-ல் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், இங்கே ஒடுக்கப்பட்ட மக்கள் எப்படி நிலமில்லாமல், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கிடந்தாலும் மிராசுதாரர்கள் அவர்களுக்கு விடவில்லை. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் வந்த உத்தரவுதான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. ஊர் கொடுக்க மறுத்ததை மேலே இருந்தவர் கொடுக்க வேண்டியிருந்தது.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அம்பேத்கர், கிராமத்தை அடிப்படை அலகாக வைக்க மறுத்துப் பேசியது இந்த அனுபவத்தில்தான். காந்தியவாதிகளுக்கு அது கசந்தது. கடைசியில் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும் என்று 40-ஆவது பிரிவில், நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாத வழிகாட்டு நெறியாக மட்டும் வைத்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் வந்த சமரசம்.

இடையில் உள்ளாட்சி என்ற பெயரில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1882-ல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம். 1884-ல் சென்னை மாகாண உள்ளாட்சி வாரியச் சட்டம்; ஜில்லா போர்டு, தாலுகா போர்டு எல்லாம் அதில் வந்தவை. 1920-ல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம். நாடு விடுதலை அடைந்தபின் 1950, 1958 சட்டங்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காமராசர் ஆட்சியில் 1960 அக்டோபர் 2 முதல் பஞ்சாயத்து யூனியன்கள் படிப்படியாக வந்தன. நீங்கள் படித்த பள்ளியின் பெயர்ப்பலகையில் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று இருக்கிறதே, அது அங்கிருந்து வந்தது.

பள்ளியைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வது? 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற இயக்கம் தொடங்கியது நம் கடம்பத்தூரில். கல்வித்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். ஊர் மக்கள் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், பிள்ளைகளுக்குச் சீருடை, சில ஊர்களில் கட்டடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். மதிய உணவுக்கு அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு. "எங்க பள்ளிக்கூடம்" என்று ஊர் சொன்ன காலம் அது.

ஆனால் யூனியனின் கீழ் வேலை பார்த்த மூத்த ஆசிரியர்கள் வேறு கதையும் சொல்வார்கள். சேர்மன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதவருக்கு மாற்றல் உத்தரவு வந்த கதை. சம்பளம் தேதி தள்ளி வந்த கதை. 1981 ஜூன் முதல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானபோது அவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அதில் தவறில்லை. பெயர்ப்பலகை ஒன்றியத்திடம், அதிகாரம் முழுக்கச் சென்னையிடம் என்றானதும் அப்போதுதான். பிறகு ஓடு உடைந்தால்கூட ஊர்க்காரர் "கவர்மென்ட் பள்ளிக்கூடம், கவர்மென்ட் பார்த்துக்கும்" என்று சொல்லக் கேட்டேன். அடாவடி செய்யும் சேர்மனைத் தட்டிக் கேட்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்குப் பதில் ஊரின் கையிலிருந்தே பள்ளியை எடுத்துவிட்டோம்.

தட்டிக் கேட்க முதல் வழி தேர்தல். அதன் நிலைமையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1970-ல் ஊராட்சித் தேர்தல். அடுத்தது 1986-ல். அதற்கடுத்தது 1996-ல். 16 வருஷம் ஒரு முறை, 10 வருஷம் ஒரு முறை. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்றது. அதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. 1996, 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது. பிறகு 2016 அக்டோபரில் நடக்க வேண்டியது, நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் நடந்தது. அந்த இடைவெளியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. தம்பி, "என்ன குறைந்துபோச்சு" என்றாயே, அன்றைக்குக் குறைந்தது ஊருக்கு வர வேண்டிய பணம். களத்துமேட்டில் எடுத்து வைக்கும் பங்காக இருந்திருந்தால் அதை யாரும் நிறுத்தியிருக்க முடியாது.

அதே திருத்தம் 29 துறைகளைப் பட்டியலிட்டு, இவற்றை ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்றது. வேளாண்மை, சிறு பாசனம், குடிநீர், தொடக்கக் கல்வி எல்லாம் அதில் உண்டு. "கொடுக்க வேண்டும்" என்று சொல்லாமல், மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டது. கேரளம் 1996-ல் மக்கள் திட்டம் என்று தொடங்கித் தன் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. இங்கே தெருவிளக்கு, குடிநீர், குப்பை ஆகிய மூன்றைத் தாண்டித் தலைவர் கையில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சிற்றேரி ஒன்றியத்துக்கு; பெரிய ஏரி நீர்வளத் துறைக்கு. ஏரிக் கரையில் குடியிருக்கும் கிராம ஊராட்சிக்கு முடிவெடுக்கும் உரிமை இரண்டிலும் இல்லை.

இவ்வளவு குறைந்த அதிகாரத்திலும் சாதித்தவர்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு. பூந்தமல்லி ஒன்றியம் குத்தம்பாக்கத்தில் 1996-லும் 2001-லும் தலைவரானவர் ரா. இளங்கோ. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர், வேதிப் பொறியியல் படித்து, விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். வழக்கமான கல்லுக்குப் பதில் கிரானைட் ஆலைகளில் கழித்துப் போட்ட கற்களை வைத்துக் குறைந்த செலவில் கால்வாய் கட்டினார். மதிப்பீட்டில் எழுதியபடி கட்டவில்லை என்று அவரைத் தற்காலிகப் பதவி நீக்கம் செய்தார்கள். மிச்சப்படுத்தியதே குற்றமாகிவிட்டது! ஊர் மக்கள் கிராம சபையில் அவர் பக்கம் நின்றார்கள். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதே ஊரில் அவர் காலத்தில் கட்டிய சமத்துவபுரத்தில், ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். ஒன்றில் பட்டியல் சமூகக் குடும்பம், அடுத்ததில் வேறு சாதிக் குடும்பம். நடுவில் ஒரே சுவர். ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரத்தை ஆட்சியரிடம் வைத்திருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரை அப்படி ஓர் அதிகாரி நீக்க முடியுமா? யோசியுங்கள்.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறேன். சாதி. 1997 ஜூன் 30, மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் மேலும் ஆறு பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டியல் சமூகத்தவர் தலைவரானது பொறுக்கவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்து ஆண்டுகள் தேர்தல் நடத்தவே விடவில்லை. அது மதுரைப் பக்கம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கத்தில், 2020 சுதந்திர தினத்தன்று, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவரைப் பள்ளியில் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்ததும் ஆட்சியரே நேரில் வந்து, ஆகஸ்ட் 20 அன்று அவர் கையால் கொடியேற்ற வைத்தார். எந்தப் பள்ளி வளாகத்தில் "அனைவரும் உடன்பிறந்தவர்" என்று தினமும் உறுதிமொழி சொல்ல வைத்தோமோ, அந்த வளாகத்தில் நடந்தது இது.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, ஊர் கையில் அதிகாரம் கொடுத்தால் இதுதான் நடக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஊராட்சித் தேர்தலும் இட ஒதுக்கீடும் இல்லாதிருந்தால் அந்த அம்மா தலைவர் நாற்காலிக்கு அருகிலேயே போயிருக்க மாட்டார். உத்திரமேரூர்க் குடத்துக்குள் போகாத பெயர், ஆயிரம் வருஷம் கழித்து வாக்குப்பெட்டி வழியாக வெளியே வந்திருக்கிறது. யாருடைய பெயரும் விட்டுப்போகாமல் பார்ப்பது மேலே உள்ளவர்களின் வேலை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்பதும் சட்டம் கொடுத்த பலம். ஊர்ச் சொத்தில் என்ன செய்வது என்பதை முடிவெடுப்பது கீழே உள்ளவர்களின் வேலை. நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம். கால்வாய்க்கு எந்தக் கல் என்பதை மேலே இருந்து முடிவெடுக்கிறார்கள். கொடியேற்றும் உரிமை பறிபோனால் செய்தித்தாளில் வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

நம் தொழிற்பேட்டைக்கு வருகிறேன். சிப்காட் வந்ததில் நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் நடந்த விதத்தைப் பாருங்கள். தேர்வாய்கண்டிகையில் புதிய சிப்காட் வளாகத்துக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். ஆவணத்தில் அது அரசு நிலம். ஊருக்கு அது மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய காடு. ஏரிக்குத் தண்ணீர் இறங்கி வந்த மேட்டு நிலம். பெரும்பாலும் பட்டியல் சமூக மக்கள் வாழும் ஊர். கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள், நீதிமன்றம் போனார்கள். அங்கே டயர் ஆலை கட்டிய மிஷ்லின் பிரெஞ்சு நிறுவனம் என்பதால், 2012-ல் புகார் பாரிஸ் வரை போனது. சொந்த ஊர் கிராம சபையில் சொன்ன சொல்லுக்குச் சட்ட வலிமை இருந்திருந்தால், கும்மிடிப்பூண்டி தாலுகாவின் ஒரு குக்கிராமத்துப் பேச்சு பாரிஸ் வரை ஏன் போக வேண்டும்? ஆலை வேண்டும் என்றே அவர்கள் முடிவெடுத்திருக்கலாம். ஏரிக்கு வரத்து கெடாமல், வேலையில் இத்தனை பங்கு எங்கள் பிள்ளைகளுக்கு என்று நிபந்தனை போட்டிருக்கலாம். பேரம் பேச ஓர் இடம் இருந்திருக்கும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். பாலக்காட்டுப் பிளாச்சிமடையில், பெருமாட்டி ஊராட்சி 2003-ல் கோகோ கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் போகிறது என்பது காரணம். வழக்கு நடந்தது, 2004-ல் ஆலை நின்றது. ஊராட்சி சொன்னதெல்லாம் சரியா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். ஊராட்சி சொன்னதை எல்லாரும் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் முக்கியம்.

தேர்வாய்கண்டிகையின் கதை நிலத்தோடு முடியவில்லை. அந்த ஊர் ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து, அரை டி.எம்.சி. கொள்ளளவில் ஒரு நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள். சென்னைக்குக் குடிநீர். 1944-ல் கட்டி முடித்த பூண்டியிலிருந்து தொடங்கிய வரிசையில் இதுவும் ஒன்று. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தர்மம்; சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள். ஆனால் பர்னார்டின் ஓலைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு ஊர் நெல்லிலிருந்து ஏரிக்குப் பங்கு போனது. இன்றைக்கு ஏரித் தண்ணீரிலிருந்து ஊருக்கு என்ன பங்கு? சென்னைக்கு ஒவ்வொரு லாரி, ஒவ்வொரு குழாய்த் தண்ணீர் போகும்போதும் ஒரு சிறு தொகை அந்த ஊராட்சிக்கு உரிமையாகப் போகட்டும் என்றால் தவறா? அதற்குத்தான் அந்தப் பழைய பெயர்: சுதந்திரம்.

ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில். தனி அலுவலர் விளக்கு எரிய வைப்பார். நல்லவராகவும் இருப்பார். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது மேலதிகாரிக்கு. உன் தெருவில் இருக்கும் பாட்டிக்கு அல்ல. தலைவர் இருந்தால் அந்தப் பாட்டி சட்டையைப் பிடித்துக் கேட்பாள், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்வாள். தலைவர் இல்லாதபோது குறைவது விளக்கல்ல, கேட்கும் உரிமை. அது குறைவது கண்ணுக்குத் தெரியாது. பெரிய ஆலையோ, குப்பைக் கிடங்கோ, நீர்த்தேக்கமோ வரும் அன்றைக்குத்தான் தெரியும்.

உங்களிடம் ஒரு வீட்டுப்பாடம். ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஒன்றுக்காவது போங்கள். ஷிப்டு இருந்தால் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள். பாதி இடம் அவர்களுக்குத்தானே. போய் மூன்று கேள்வி கேளுங்கள். ஊராட்சியின் வரவு செலவு என்ன? உங்கள் சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிடிக்கும் தொழில் வரி எந்த உள்ளாட்சிக்குப் போகிறது, அது எதற்குச் செலவானது? நம் ஊர் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது? பதில் என்னவாக இருந்தாலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

உங்கள் ஊர் ஏரியின் பெயரையும், அது இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்